கடைசியில் சாப்பிடுகிறவர்

தமிழ் வீட்டு இரவுச் சாப்பாட்டில் ஒருவர் எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுகிறார். தோசையானாலும் சப்பாத்தியானாலும், கல்லுக்கு முன்னால் நிற்பவர் மற்றவர்கள் கை கழுவிய பிறகுதான் தட்டை எடுக்கிறார். அதற்குள் சட்னி வழித்தெடுக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கும். இதை அன்பு என்றும் பொறுமை என்றும் பாராட்டிப் பாராட்டி, பின்னால் இருக்கும் எளிய கணக்கைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். ஒரு கல்லில் ஒரு தோசைக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிஷம். நாலு பேருக்குப் பன்னிரண்டு தோசை என்றால் அரைமணி நேரம். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கும் அதே அரைமணிதான். சமைப்பதும் சாப்பிடுவதும் ஒரே அரைமணிக்குள் நடக்கும்படி அமைந்த உணவில், வார்ப்பவருக்கு மேசையில் இடம் கிடையாது. வீட்டில் உள்ளவர்கள் எவ்வளவு நல்ல மனசுக்காரர்களாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. செய்யும் பண்டம் மாறினால்தான் மாறும். பெங்களூர் வைட்ஃபீல்டின் அடுக்குமாடித் தமிழ் வீடுகளில் எப்போதாவது ஓரிரவு மேசைக்கு வரும் கேசரோலை, அதாவது காய்கறியோ கொத்துக்கறியோ உருளைக்கிழங்கும் வெள்ளை சாஸும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் அடுக்கி ஓவனில் வேகவிடும் உணவை, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் செல்லமாகவும் வெளிநாட்டு மோகமாகவும்தான் பேசுகிறோம். அடுப்படியில் நிற்பவரை உட்காரவைக்கும் ஏற்பாடு என்ற முறையில் அதற்கு இன்னும் கொஞ்சம் மரியாதை உண்டு என்பது என் வாதம்.

செய்முறையைப் பார்த்தாலே இது விளங்கும். நாலு பேருக்கு 600 கிராம் உருளைக்கிழங்கு, அரைக் கிலோ கேரட், பீன்ஸ், காலிஃபிளவர், பட்டாணி. கிழங்கை முக்கால் பதத்தில் வேகவைத்து வில்லைகளாக நறுக்க வேண்டும். 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, அரை லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி விழாமல் கிளறினால் வெள்ளை சாஸ் தயார். மிளகு, நசுக்கிய பூண்டு, பொடியாக அரிந்த பச்சைமிளகாய் எல்லாம் இங்கேயே சேர்ந்துவிட வேண்டும். பின்னால் தூவினால் மேலோடு நின்றுவிடும். துருவிய சீஸில் பாதியை இந்தச் சாஸில் கரைத்தால், அதன் கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மிதக்காமல் மைதாவின் மாவுச்சத்து பிடித்துக்கொள்ளும். கிழங்கு, காய், சாஸ் என்று அடுக்கி, மேலே மீதிச் சீஸும் பிரெட் தூளும் தூவி, 180 டிகிரியில் 35 நிமிஷம். தமிழர்கள் பெங்களூர் கத்தரிக்காய் என்று ஊர்ப் பெயரிட்டு அழைக்கும் சௌசௌவையும் இதில் போடலாம். ஆனால் அது நீர்க்காய். முதலில் வாணலியில் புரட்டி ஈரத்தை வற்றவைக்காவிட்டால் சாஸ் முழுதும் தண்ணீராகிவிடும். ஓவனுக்குள் நடப்பது இரண்டு தனித்தனி வேலைகள். உள்ளே ஈரம் இருக்கும்வரை வெப்பம் கொதிநிலையைத் தாண்டாது. கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கும் இவ்வூரில் அது ஏறக்குறைய 97 டிகிரி. மேல்பரப்பு மட்டும் காய்ந்து 140 டிகிரிக்கு மேல் ஏறிச் சிவக்கிறது. அடியில் குழைவும் மேலே முறுகலும் ஒரே பாத்திரத்தில், யாரும் கிளறாமல், திருப்பிப் போடாமல் அமைவது இதனால்தான். வெளியே எடுத்ததும் வெட்டக் கூடாது. பத்து நிமிஷம் விட்டால்தான் சாஸ் இறுகித் துண்டாக எழும். அந்தப் பத்து நிமிஷம் சமைத்தவருக்கு முகம் கழுவிக்கொள்ளக் கிடைக்கும் நேரம் என்பதை எந்தச் செய்முறைப் புத்தகமும் எழுதுவதில்லை.

பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் வேலைபார்த்த விஞ்ஞானி ஜெஸ்ஸி லிட்டில்டன், 1913இல் ரயில்வே பேட்டரிக்கான கண்ணாடி ஜாடியை அறுத்து அதன் அடிப்பகுதியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டுப் பார்த்தார். 1915இல் பைரெக்ஸ் பாத்திரம் கடைக்கு வந்தது. சாதாரணக் கண்ணாடியைப் போல மூன்றில் ஒரு பங்குதான் சூட்டில் விரியும் போரோசிலிகேட் கண்ணாடி அது. இந்தியாவில் அதே கார்னிங்கின் கூட்டோடு வளர்ந்த போரோசிலின் செவ்வகத் தட்டுகளை இன்று எந்தப் பாத்திரக் கடையிலும் பார்க்கலாம். சமைத்த பாத்திரமே பரிமாறும் பாத்திரமாகவும் மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்கும் பாத்திரமாகவும் இருப்பதால் தொட்டியில் விழும் சாமான் பாதியாகிறது. ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனுக்குள் தள்ளினால் இந்தக் கண்ணாடியும் விரிசல் விடலாம். அரைமணி வெளியே இருக்கட்டும்.

வைட்ஃபீல்டுக்கு இந்தக் கணக்கு ஏன் குறிப்பாகப் பொருந்துகிறது? 1990களின் இறுதியில் ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்கா திறந்ததிலிருந்து இந்த ஊரின் நேரம் அலுவலகக் கணினிகளின் நேரமாக மாறிவிட்டது. 2023 மார்ச்சில் கே.ஆர். புரத்திலிருந்து காடுகோடி வரை மெட்ரோ ஓடத் தொடங்கி, அவ்வாண்டு அக்டோபரில் பையப்பனஹள்ளிப் பாதையோடு இணைந்த பிறகும், ஹோப் ஃபார்ம் சந்திப்பில் மாலை ஏழு மணிக்கு நிற்கிறவர்களுக்கு வீடு இன்னும் தூரத்தில்தான். அமெரிக்காவோடு பேச வேண்டியவர்களுக்கு எட்டரை மணிக்கு ஒரு அழைப்பு, பத்துக்கு இன்னொன்று. காலையில் ஆளுக்கொரு நேரத்தில் கிளம்புகிறார்கள். மதியம் ஆளுக்கொரு கேன்டீன். குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய ஒரே வேளை இரவுதான். அந்த வேளைக்கு நாம் தேர்ந்து வைத்திருப்பதோ, ஒருவரைக் கட்டாயமாக மேசையிலிருந்து விலக்கிவைக்கும் உணவு.

இது தொன்றுதொட்ட வழக்கம் என்று நினைப்பதும் சரியாகாது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் அரை நூற்றாண்டுக்கு முன்புவரை இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் உரிய பண்டங்கள். ஆட்டுக்கல்லில் மாவரைப்பது அவ்வளவு பெரிய வேலை. 1950களில் கோயம்புத்தூரில் உருவான கிரைண்டர் அந்த வேலையை நீக்கியது. அது வீட்டுக்கு வீடு பரவியதும் தோசை அன்றாட உணவாயிற்று. அரைக்கும் உழைப்பு போனது. தினமும் கல்லுக்கு முன்னால் நிற்கும் உழைப்பு புதிதாக வந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலில் இதையே தம் நாட்டின் இரும்பு அடுப்பை வைத்துக் காட்டுகிறார். திறந்த கணப்பில் ஒரே பானைக் கூட்டாக வெந்த சாப்பாடு, அடுப்பில் பல கண்கள் வந்ததும் பலவகைச் சமையலாகப் பெருகியது. விறகு பிளக்கும் ஆணின் வேலை குறைந்தது, சமைக்கும் பெண்ணின் வேலை கூடியது. பெங்களூரில் 2005இல் திப்பசந்திராவின் 50 சதுர அடி இடத்தில் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் நிறுவனத்தின் மாவுப் பாக்கெட் இந்த வரிசையில் அடுத்த படி. அது ஊறவைப்பது, அரைப்பது, புளிக்கவைப்பது எல்லாவற்றையும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்விட்டது. வார்ப்பதை மட்டும் வீட்டில் விட்டுவைத்திருக்கிறது. எட்டே முக்காலுக்கு உள்ளே வருகிறவரும் தோசை வார்க்கலாம் என்றாகிவிட்டதால், வார்த்தாக வேண்டும் என்றும் ஆகிவிட்டது. அப்படியானால் ஓவன் மட்டும் என்ன வாழ்ந்தது, அதுவும் நாளைக்கு ஒரு புது வேலையைக் கொண்டுவராதா என்று கேட்கலாம். கொண்டுவரும். கேசரோலுக்குப் பக்கத்தில் சூப், சாலட், பூண்டு ரொட்டி, மேலே ஒரு புட்டிங் என்று மேசையை நிரப்ப ஆரம்பித்தால் கோவனின் கணக்கு இங்கேயும் பலித்துவிடும். ஒரே பாத்திரம் என்பதில் பிடிவாதமாக இருக்கும்வரைதான் என் வாதம் நிற்கும்.

மூடி வேகவிடும் பானை உலகில் எங்கெங்கே தோன்றியிருக்கிறது என்று பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பேக்கஓஃப் என்றொரு உணவு: உருளைக்கிழங்கு, வெங்காயம், மூவகை இறைச்சி, கொஞ்சம் வெள்ளை ஒயின், எல்லாவற்றையும் மண்பாத்திரத்தில் அடுக்கி மூடியை மாவால் அடைத்து ஊர் ரொட்டிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை துணி வெளுக்கும் நாள். அன்று பெண்களுக்கு அடுப்படியில் நிற்க நேரமில்லை என்பதே அதன் பிறப்புக்குச் சொல்லப்படும் காரணம். யூதர்களுக்கு ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது. ஆகவே வெள்ளி சூரியன் மறைவதற்கு முன் பயறும் தானியமும் இறைச்சியும் நிறைத்த பானையை ஓவனில் வைத்துவிட்டு, சனி மதியம் எடுத்துச் சாப்பிட்டார்கள். கிழக்கு ஐரோப்பிய ஊர்களில் இந்தப் பானைகள் வரிசையாகப் பொது ரொட்டிக் கடையின் அடுப்பில் இரவைக் கழித்தன. இரண்டிலும் சமைப்பவர் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்க முடியாது என்பதுதான் முதலில் முடிவான விஷயம். ருசி அதற்குப் பிறகு தேடிக்கொண்டது. வைட்ஃபீல்டிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஹொஸ்கோட்டேயில் விடியற்காலையிலேயே கூட்டம் வரிசை கட்டும் தம் பிரியாணியும் இதே குடும்பம்தான். வாயை அடைத்த அண்டா, மூடிமேல் தணல், திறக்கும்வரை கரண்டிக்கு வேலையில்லை. கேசரோல் அந்நியப் பண்டம் என்பவர்கள் இந்த அண்டாவை மறந்துவிடுகிறார்கள்.

அந்நியமாக இருந்தது ஓவன் என்னும் சாதனம், அதுவும் வீட்டுக்குள் மட்டும். தெருவில் அது நமக்குப் பழக்கமானதுதான். 1898இல் ஹாசன் பக்கத்திலிருந்து வந்த ஐயங்கார் குடும்பம் சிக்பேட்டையில் தொடங்கிய பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரி முதற்கொண்டு, முட்டை சேர்க்காத கேக்கும் காரா பன்னும் விற்கும் ஐயங்கார் பேக்கரிகள் இல்லாத பேட்டை இந்நகரில் இல்லை. தீட்டுப் பார்த்த வகுப்பே ரொட்டி சுடும் தொழிலைத் தனக்கென்று ஆக்கிக்கொண்டது ஒரு விசித்திரம். ஆனால் அந்த வீடுகளிலும் சமையலறையில் அடுப்புத்தான் இருந்தது. ஓவன் கடையில் இருந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக் கலவையைப் பாத்திரத்தோடு தெருமுனை பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கிவரும் வழக்கம் பெங்களூரிலும் சென்னையிலும் நெடுநாள் நடந்தது. இலங்கைத் தமிழர்கள் போறணை என்று சொல்லும் அடுப்பும் பெரும்பாலும் கடையின் சொத்துத்தான். அந்தத் தீவின் டச்சு வம்சாவளியினரான பர்கர்கள் சோற்றையும் கறிகளையும் கத்தரிக்காய் மோஜுவையும் வாழையிலையில் பொதிந்து சுடும் லம்ப்ரைஸ், நம் பகுதியில் கேசரோலுக்கு மிக நெருங்கிய உறவு என்று எனக்குப் படுகிறது. பாத்திரத்துக்குப் பதிலாக இலை, அவ்வளவுதான் வித்தியாசம். 28 லிட்டர் ஓடிஜி மின் ஓவன் சமையல் மேடைக்கு வந்ததுதான் புதிய சங்கதி. முக்கால் மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் இழுக்கும். வாரம் ஒருநாள் என்றால் மாதத்துக்கு நாலைந்து யூனிட். ஓவன் மின்சாரத்தை விழுங்கும் என்ற பயம் ஏசி போட்டுத் தூங்குகிற வீட்டில் வரும்போது சிரிப்புத்தான் வருகிறது.

வைட்ஃபீல்டுக்கு இந்த உணவு முதல்முறையாக வருவதும் இப்போதல்ல. 1882இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் 3,900 ஏக்கர் நிலத்தை யூரேஷியர், ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்குக் கொடுத்தார். சென்னையில் அச்சமூகத்தாருக்காகச் சங்கம் அமைத்து உழைத்த டி.எஸ். ஒயிட்டின் பெயரே ஊருக்கு ஆயிற்று. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாக 1864இல் பெங்களூர் கண்டோன்மென்டை எட்டிய ரயில்பாதையை ஒட்டி, வட்டமாக வீடுகள் கட்டி, பயிர் செய்து வாழும் குடியேற்றமாக அதைத் திட்டமிட்டார்கள். இன்னர் சர்க்கிள் என்ற பெயரில் அந்த வட்டம் இன்றும் இருக்கிறது. ஓடு வேய்ந்த பழைய வீடுகளுக்கு இடையில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆங்கிலோ இந்தியச் சமையலில் கொத்துக்கறியின் மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுடும் ஷெப்பர்ட்ஸ் பை உண்டு. ஆனால் கறியில் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், மிளகு நம் ஊர் அளவில் இருக்கும். பக்கத்திலுள்ள கோலார் தங்க வயலில் பிறந்து, இந்தச் சமையலைப் பல புத்தகங்களாக எழுதிவைத்திருக்கும் பிரிட்ஜெட் ஒயிட்-குமார் போன்றவர்களால்தான் இதெல்லாம் வீட்டு நினைவாக மட்டும் சுருங்கிப்போகாமல் இருக்கிறது. கேசரோல் சப்பென்று இருக்கும் என்பவர்களுக்கு இந்த மரபே பதில். வெள்ளை சாஸை வெறும் உப்போடும் சிட்டிகை மிளகோடும் விட்டால் சப்பென்றுதான் இருக்கும். அந்தக் குறை செய்தவருடையது. கறிவேப்பிலையையும் சோம்பையும் வெண்ணெயில் பொரித்துவிட்டு மைதாவைப் போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இன்னும் வலுவான மறுப்பு குழம்புச் சோற்றுக்காரர்களிடமிருந்து வரும். சாயங்காலமே குழம்பும் பொரியலும் வைத்து மூடிவிட்டால் எல்லோரும் சேர்ந்து உட்காரலாமே, இதற்கு எதற்கு ஓவன் என்பார்கள். பாதி நியாயம். சாம்பார் சாதம், பிசிபேளாபாத், கூட்டாஞ்சோறு எல்லாம் உண்மையில் நம் கேசரோல்கள்தான். அவை இரவு மேசைக்குத் திரும்பினால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் நடப்பு என்ன? இரவில் சோறு வேண்டாம் என்பது மருத்துவர் சொல்லியோ தானாகவோ பல வீடுகளில் விதியாகிவிட்டது. அந்த இடத்துக்கு வந்தவை தோசையும் சப்பாத்தியும். இரண்டுமே ஒவ்வொன்றாகச் சுட வேண்டியவை. குழம்புச் சோறு இருக்கும் இரவிலும் அது ஒரு பாத்திரத்தோடு நிற்பதில்லை. ரசத்தைச் சூடுபண்ண வேண்டும், அப்பளம் பொரிக்க வேண்டும், யாருக்குத் தயிர் யாருக்கு மோர் என்று பார்க்க வேண்டும். பரிமாறுவதே ஒரு வேலையாக இருக்கும் சாப்பாட்டில் பரிமாறுகிறவர் எழுந்து எழுந்துதான் உட்கார வேண்டியிருக்கிறது. சுட்டுச் சுட்டு ஹாட்பாக்ஸில் அடுக்கிவிட்டால் போதாதா என்ற யோசனைக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும்: சப்பாத்தி வியர்த்துப்போகும், தோசை துணியாகிவிடும். சூடு தங்குவது வேறு, பதம் தங்குவது வேறு. கேசரோலின் பதம் நின்று ஆறும்போது கெடாமல் இறுகுகிறது.

மைதா, வெண்ணெய், சீஸ் என்று இரவில் இவ்வளவு கனமாகச் சாப்பிடலாமா என்ற கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். தினமும் கூடாது. வாரம் ஒருநாள், காய்கறி பாதிக்கு மேல் இருக்கும்படி செய்தால், எண்ணெய் விட்டு வார்த்த நாலு தோசையோடும் தேங்காய்ச் சட்னியோடும் ஒப்பிட இது ஒன்றும் பெரிய பாவமில்லை. இதைவிடத் தீவிரமான பழி இன்னொன்று உண்டு: கேசரோல் என்பது அமெரிக்க டின் உணவுக் கம்பெனிகளின் பிள்ளை. அதில் ஓரளவு உண்மை உண்டு. கேம்பெல் நிறுவனம் 1934இல் காளான் சூப்பை டின்னில் அடைத்து விற்றது. 1955இல் அதன் சோதனைச் சமையலறையில் வேலைபார்த்த டோர்கஸ் ரைலி, அந்த டின்னையும் பீன்ஸையும் பொரித்த வெங்காயத்தையும் வைத்து உருவாக்கிய பீன்ஸ் கேசரோல் அமெரிக்காவின் நன்றிநவிலல் திருநாள் மேசையில் நிலையான இடம் பிடித்தது. டின்னைத் திறந்து கொட்டும் சுலபம் ஒரு நாட்டின் நாக்கையே ஒரே ருசிக்குப் பழக்கிவிட்டது. நம்மிடம் அந்த டின் இல்லாதது அதிர்ஷ்டம். பாலும் மைதாவும் வெண்ணெயும் இருந்தால் பத்து நிமிஷத்தில் சாஸ் ஆகிவிடும்போது, இனி அதையும் பாக்கெட்டில் விற்க யாராவது வந்தால் வாங்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. (மாவுப் பாக்கெட்டின் வெற்றியைப் பார்த்தால் இதைச் சொல்லும்போதே நம்பிக்கை குறைகிறது.)

வேலை இடம் மாறுகிறதே ஒழியக் குறைகிறதா என்பதுதான் உண்மையில் பதில் சொல்லக் கடினமான கேள்வி. கிழங்கு வேகவைப்பதும் காய் நறுக்குவதும் சாஸ் கிளறுவதும் சேர்ந்தால் முக்கால் மணி நேரமாவது ஆகும். தோசைக்கு ஆன அரைமணியை விட அதிகம். 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களில் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டார்கள். 2024 கணக்கெடுப்பில் இவை 289 ஆகவும் 88 ஆகவும் வந்தன. பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது என்று மகிழ்வதற்குள், ஆண்களும் ஒன்பது நிமிஷம் குறைத்துக்கொண்டது கண்ணில் படுகிறது. இந்த இடைவெளியைக் கண்ணாடித் தட்டு ஒன்று நிரப்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரு வேலைகளின் தன்மை வேறு. தோசைக்கல் முன் நிற்கும் அரைமணியைப் பங்கு போட முடியாது. ஒருவர் முழுதாக நின்றாக வேண்டும், அதுவும் எல்லோரும் சேர்ந்திருக்கும் அதே நேரத்தில். கேசரோலின் முக்கால் மணியைத் துண்டு துண்டாக்கலாம். பட்டாணி உரிப்பது பத்து வயதுக்காரனுக்கு, சீஸ் துருவுவது அவன் அக்காவுக்கு, சாஸ் கிளறுவது அப்பாவுக்கு. ஞாயிறு மாலை அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் திங்கள் இரவு யார் முதலில் வீட்டுக்கு வருகிறாரோ அவர் அதை வெளியே எடுத்து, அரைமணி கழித்து ஓவனில் வைக்கலாம். குளிர்ந்த பாத்திரத்துக்குப் பதினைந்து நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கும், நடுவில் கத்தியைச் செருகி எடுத்தால் அதன் நுனி நன்றாகச் சுட வேண்டும். தோசை நன்றாக வர வேண்டுமானால் கை தேர்ந்திருக்க வேண்டும்; எனக்கு வராது என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள அந்தத் திறமையே சாக்காகிறது. ஒரு தட்டை ஓவனுக்குள் தள்ளி குமிழைத் திருப்பத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. பகிர்ந்துகொள்ளாதவர்கள் இதையும் பகிர்ந்துகொள்ள மாட்டார்கள் என்றால், அப்போதாவது காரணம் பண்டத்தில் இல்லை என்பது வெளிப்படையாகிவிடும்.

வைட்ஃபீல்டில் இந்தப் பேச்சுக்குக் குறுக்கே இன்னொருவர் நிற்கிறார். மாலையில் வந்து சமைத்துக் கொடுக்கும் அக்கா. இங்கே பல வீடுகளில் கல்லுக்கு முன்னால் நிற்பது அவர்தான், வீட்டுக்காரி அல்ல. ஆங்கிலேயர் காலத்து பங்களாக்களிலும் இப்படித்தான். 1878இல் ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ எழுதிய கர்னல் கென்னி-ஹெர்பர்ட், சென்னைச் சமையற்காரரை ராமசாமி என்ற ஒரே பொதுப்பெயரால் அழைத்து, அவருடைய குசினி எவ்வளவு மோசம் என்று ஓர் அத்தியாயமே எழுதினார். வீட்டுக்கு வெளியே தனிக் கட்டடமாக இருந்த அந்தக் குசினியில், மூடிமேல் தணல் கொட்டிச் சுட்ட பண்டங்கள் வராந்தாவைக் கடந்து மேசைக்கு வந்தன. மேசையில் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். ராமசாமி எப்போது சாப்பிட்டார் என்று கர்னல் கணக்கு வைக்கவில்லை. அந்த மேசைக்கும் இன்றைய அடுக்குமாடி மேசைக்கும் தூரம் அதிகமில்லை என்று ஒருவர் சொன்னால் என்னிடம் முழுப் பதில் இல்லை. கேசரோல் விடுவிப்பது அதைச் சேர்ந்து சாப்பிடுகிறவர்களை மட்டும்தான். சமைத்துவிட்டுக் காடுகோடிப் பக்கமோ வர்தூர்ப் பக்கமோ தன் வீட்டுக்குப் போகிறவருக்கு அங்கே இன்னொரு அடுப்பு காத்திருக்கிறது. ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. சூடாக நாலு ஃபுல்கா வேண்டும் என்பதற்காக அவரை எட்டரை மணிவரை நிறுத்திவைக்கும் வீடுகள் உண்டு. அலுவலகத்திலிருந்து ஆள் வரும்வரை அவர் மேடை ஓரமாகக் காத்திருக்கிறார். ஆறு மணிக்கு அடுக்கி வைத்துவிட்டு ஏழுக்கு அவர் கிளம்பலாம், மிச்சத்தை ஓவன் பார்த்துக்கொள்ளும். ஒன்றரை மணி நேரம் குறைந்ததே என்று மாதச் சம்பளத்தில் கைவைக்காமல் இருந்தால் போதும்.